கடல் மணக்கும் புட்டியும் கருவாட்டு முற்றமும்

மனநல ஆலோசகரின் பதில்

வாசகியின் கடிதம் நீளமானது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 28. தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் பிறந்தவர். தந்தை கருவாட்டு வியாபாரி. இப்போது சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். இன்னும் நான்கு மாதங்களில் திருமணம். கொங்குப் பகுதியைச் சேர்ந்த மணமகன், அலுவல் காரணமாகச் சிங்கப்பூர் போய்த் திரும்பும்போது ஒரு சென்ட் வாங்கி வந்து, “கடற்கரைப் பெண்ணுக்குக் கடல் வாசனை” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். தாமரை, லில்லி, கடற்காற்று என்றெல்லாம் சொல்லி விற்கப்படும், பளிச்சென்ற நீர்மலர் வாசனை அது. அந்த வகை சென்ட் அணியும் பெண் எப்படிப்பட்டவள் என்று தேடிப் பார்த்த வாசகிக்கு, ‘தெளிந்த நீர் போன்றவள், குறைவாகப் பேசுபவள், உணர்ச்சிகளை வெளியே காட்டாதவள், யாரையும் சாராதவள்’ என்ற வருணனை கிடைத்திருக்கிறது. தானோ வாய் ஓயாதவள், உரக்கச் சிரிப்பவள், சுள்ளென்று கோபப்படுபவள் என்று எழுதுகிறார். ஒரு மாதம் அந்த வருணனைப்படி நடந்து பார்த்திருக்கிறார். அந்த மாதத்திலேயே அடிக்கடி தலைவலி வந்தது. கழுத்தில் சிவந்த தடிப்பும் அரிப்பும் தோன்றின. அருகில் அமர்ந்து வேலை பார்ப்பவர் வாசனை தாங்கவில்லை என்று சொல்லி வேறு இருக்கை கேட்டுப் போய்விட்டார்.

அவருடைய கேள்விகள் மூன்று. என் குணத்துக்குப் பொருந்தாத வாசனையைத் தந்தவர், என்னை அல்லாமல் வேறு யாரையோ மனத்தில் வைத்துத்தான் மணக்கிறாரா? என் மீதுள்ள வாடையைக் கழுவத்தான் இது தரப்பட்டதா? வேண்டாம் என்று சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது இது சென்ட்டைப் பற்றிய கடிதம் என்றே நினைத்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் ஓரிடத்தில் கண் நின்றது. ஏழாம் வகுப்பில், பள்ளி வேனில், ‘கருவாட்டு வாடை’ என்று சொல்லி யாரும் உட்கார மறுத்ததால் உங்கள் பக்கத்து இருக்கை ஊர் வரைக்கும் காலியாகவே வந்தது என்று எழுதி, அடுத்த வரியிலேயே திருமண மண்டபத்தின் வாடகைக்குத் தாவிவிட்டீர்கள். அந்த இருக்கைக்குப் பிறகு வருகிறேன். முதலில் புட்டியைப் பார்ப்போம். அதற்குள் என்ன இருக்கிறது என்பது தெரிந்தால், அதைச் சுற்றி நீங்கள் கட்டியிருக்கும் அச்சத்தில் ஒரு பகுதி தானாகவே கரைந்துவிடும்.

புட்டிக்குள் இருக்கும் கடல்

தண்ணீருக்கு வாசனை கிடையாது. ஆகவே ‘நீர் வாசனை’ என்பது முழுக்க முழுக்க மனிதர்கள் பேசி வைத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு. இந்த வகை சென்ட்டுகளின் முதுகெலும்பாக இருப்பது கலோன் என்னும் செயற்கைச் சேர்மம். 1966இல் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் கண்டுபிடித்தது அது. கீறி வைத்த தர்பூசணியையும் உப்புக் காற்றையும் ஒன்றாக முகர்ந்தாற்போல் இருக்கும். நெடுநாள் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்த அதை 1988இல் அராமிஸ் நிறுவனம் ‘நியூ வெஸ்ட்’ என்ற ஆண்கள் சென்ட்டில் தாராளமாகச் சேர்த்தது. 1992இல் ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாக்கேயின் பெயரில், ஜாக் காவாலியே என்ற பிரெஞ்சு வாசனைக் கலைஞர் அமைத்த ‘லோ டிஸ்ஸே’ வந்த பிறகு, பெண்களுக்கான நீர்மலர் வாசனை தனி வகையாகவே நிலைபெற்றுவிட்டது.

அந்த ஆண்டுகளை நீங்கள் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய பத்தாண்டு, ‘ஜார்ஜியோ’, ‘பாய்ஸன்’ போன்ற கனத்த வாசனைகளின் காலம். அணிந்தவர் அறைக்குள் கால் வைக்கும் முன்பே வாசனை போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடும். அது சலித்துப்போன இடத்தில்தான் ‘சுத்தம், தெளிவு, அடக்கம்’ என்ற புதிய சரக்கு விலைபோனது. முந்தைய வாசனை அணிந்தவள் ஆர்ப்பாட்டக்காரி என்றால் புதியதை அணிபவள் அமைதியானவள் என்று சொல்லித்தானே விற்க முடியும்? நீங்கள் ஒரு மாதம் முயன்று நடித்த அந்தப் பெண், விளம்பரம் எழுதுகிறவர்களின் மேசையில் பிறந்தவள். அவளைச் சந்தித்தவர் எவரும் இல்லை.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். முதல் தடவை தெளித்தபோது பச்சை மீன் நெடிபோல் ஒன்று மூக்கில் பட்டதாகவும், ‘எனக்குத்தான் எதிலும் மீன் வாடை வரும் போலிருக்கிறது’ என்று வெட்கப்பட்டு அதை யாரிடமும் சொல்லவில்லை என்றும். உங்கள் மூக்கில் பிழை இல்லை. கலோன் சிலருக்குத் தர்பூசணியாகவும் சிலருக்குச் சிப்பி, கடல்மீன் போலவும் படும். சென்ட் தொழிலில் இருப்பவர்களே அதை இந்த இரண்டு விதமாகவும் வருணிக்கிறார்கள். கடலுக்கு உண்மையில் உள்ள வாசனையோ வேறு. அதில் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்னும் கந்தகச் சேர்மத்துடையது. கடலின் நுண்பாசிகளில் உள்ள பொருளை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது வெளிவருவது. மீன் வாடை டிரைமெத்தில் அமீன் என்பதிலிருந்து வருகிறது. எந்த சென்ட் கம்பெனியும் இந்த இரண்டையும் உள்ளபடியே புட்டியில் அடைத்து விற்கத் துணியாது. நெத்திலி காயும் உங்கள் தந்தையின் முற்றம், அந்தப் புட்டியைவிடக் கடலுக்கு நெருக்கமானது.

ஒரே குணச்சித்திரம், முப்பத்தொன்பது பேர்

‘வருணனையில் பாதி எனக்குப் பொருந்துகிறது, பாதி பொருந்தவில்லை, அதுதான் குழப்பம்’ என்கிறீர்கள். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு, ‘இது உங்கள் விடைகளை ஆராய்ந்து எழுதியது’ என்று சொல்லி ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து அவர் பொறுக்கி எடுத்தது. ‘வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுபவர்’ என்ற தினுசில் எழுதிவிட்டால் மறுப்பவர் யார்? வார பலன் படிக்கும்போது நம் ராசிக்கு எழுதியதைப் பக்கத்து ராசிக்காரர் எடுத்துக்கொண்டாலும் அவருக்கும் பொருந்திவிடுகிறது அல்லவா, அதே சூத்திரம்தான்.

பூவையும் மனநிலையையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஐந்திணையில் நெய்தல் பூவுக்கும் கடற்கரைக்கும் உரியது இரங்கல். வயலும் பொய்கையும் சூழ்ந்த மருதத்துக்கு உரியது ஊடல். ஆனால் நம் பழைய புலவர்கள் பூவைப் பொழுதோடும் நிலைமையோடும் முடிச்சுப்போட்டார்கள். ஒரு பெண்ணின் நெற்றியில் அதை நிரந்தரக் குணமாக ஒட்டவில்லை. இன்று கடற்கரையில் நின்று இரங்குகிறவள் நாளை மருதத்தில் ஊடலாம். வாசனையைப் பற்றி இவ்வளவு நுட்பமாக யோசித்த ஒரு மொழியில் வளர்ந்துவிட்டு, பெட்டியில் வரும் துண்டுச்சீட்டுக்கு நாம் பயப்பட வேண்டியதில்லை.

இருந்தாலும் வாசனைக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பிரிட்டனில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், வாசனை சேர்த்த ஸ்ப்ரேயை ஆண்கள் சிலருக்கும், வாசனையற்ற ஸ்ப்ரேயை வேறு சிலருக்கும் கொடுத்தார்கள். பிறகு அவர்களுடைய காணொளியை ஒலியில்லாமல் பெண்களிடம் காட்டியபோது, வாசனை அணிந்தவர்களே அதிகக் கவர்ச்சியாகத் தெரிந்தார்கள். பார்த்த பெண்களின் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. அசையாப் படங்களில் அந்த வித்தியாசமும் இல்லை. மாறியது அணிந்தவரின் நடையும் தோரணையும். உங்கள் அனுபவமும் இதற்குச் சாட்சி, தலைகீழாக. அந்த ஒரு மாதம் நீங்கள் கூட்டங்களில் வாய் திறக்காமல் இருந்ததைப் பார்த்த மேலாளர், ‘உடம்பு சரியில்லையா? வேலையை விடப் போகிறீர்களா?’ என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அமைதி உங்களுக்கு அழகு சேர்க்கவில்லை. உங்களோடு வேலை செய்பவர்களைக் கவலையில் ஆழ்த்தியது.

செக் நாட்டு ஆய்வாளர்கள் 2012இல் சொன்னது இன்னும் நேரடியானது. ஒருவர் தானே தேர்ந்தெடுத்த சென்ட் அவருடைய உடல் மணத்தோடு கலக்கும்போது, பிறர் தேர்ந்து கொடுத்த சென்ட் கலப்பதைவிட இனிமையாக இருந்ததாம்; தனித்தனியே முகர்ந்தால் அந்த சென்ட்டுகளுக்குள் அப்படிப்பட்ட ஏற்றத்தாழ்வு இல்லை. சென்ட்டைப் பரிசாகக் கொடுப்பது எப்போதுமே கொஞ்சம் சூதாட்டம்தான். உங்கள் வருங்காலக் கணவர் தோற்றிருக்கிறார், அவ்வளவே.

தலைவலியும் தடிப்பும்

நான் தோல் மருத்துவர் அல்ல. ஆனால் இந்தப் பகுதியை மனத்தின் கணக்கில் எழுதிவிட மாட்டேன். ‘நல்ல சரக்கு ஒத்துக்கொள்ளாத உடம்பு’ என்று உங்களையே கிண்டல் செய்துகொண்டிருக்கிறீர்கள். வாசனைப் பொருளால் வரும் தோல் ஒவ்வாமை விலை பார்த்து வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம், ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருட்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அவற்றைப் பெயர் சொல்லிப் பெட்டியில் அச்சிட வேண்டும் என்று 2005 முதல் கட்டாயமாக்கியது. 2023இல் அந்தப் பட்டியல் எண்பதைத் தாண்டிவிட்டது. மலர் வாசனைகளில் சர்வ சாதாரணமாகச் சேர்க்கப்பட்டுவந்த லைரல் என்ற பொருள், ஒவ்வாமை காரணமாகவே 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அங்கே விற்பனைக்கே வரக்கூடாது என்றானது. ஆக, ஒத்துக்கொள்ளாதவர்களின் வரிசையில் நீங்கள் தனியாக நிற்கவில்லை.

இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். இது ஆலோசனை அல்ல, வேண்டுகோள். உடல் ஒரு பொருளுக்கு ஒவ்வாமை பழகிவிட்டால் பெரும்பாலும் அது வாழ்நாள் முழுக்க நீடிக்கும். ‘கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் பழகிவிடும்’ என்று தோழி சொன்னது இங்கே நேர் எதிராகவே முடியும். தலைவலியைப் பொறுத்தவரை, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் கடும் வாசனை அதைக் கிளப்பிவிடுவது நன்கு அறியப்பட்ட ஒன்று. எந்தெந்த நாளில் தலைவலி வந்தது, அன்று என்ன பூசினீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று மூன்று வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அது பேருதவியாக இருக்கும்.

பக்கத்து இருக்கைக்காரர் விஷயத்துக்கு வருவோம். ‘எனக்கே வாசனை தெரியவில்லை, அதனால் மதியம் மறுபடியும் நாலு தடவை அடித்துக்கொண்டேன்’ என்கிறீர்கள். ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால், சற்று நேரத்திலேயே மூக்கு அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். மீன் சந்தைக்குள் நுழைந்தவுடன் முகம் சுளிப்பவர், பேரம் முடியும்போது எல்லாவற்றையும் மறந்து நிற்பது இதனால்தான். உங்களுக்குத் தெரியாமல் போன வாசனை மற்றவர்களுக்கு அப்படியே இருந்திருக்கும். அதன் மீது மதியத் தெளிப்பும் சேர்ந்தது. அடைத்த ஏசி அறையில் ஒருவர் வேறு இடம் கேட்பது நியாயமானதே. நீங்கள் நாளை அதையே இன்னொருவரிடம் கேட்க நேர்ந்தால் உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

ஆனால் அவர் எழுந்து போன அன்று மாலை, காரணம் புரியாமல் விடுதிக் குளியலறையில் நின்று அழுதேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் காரணம் புரிகிறது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, வாசனையின் பெயரால், உங்கள் பக்கத்து இருக்கை மறுபடியும் காலியானது. மூக்கிலிருந்து வரும் செய்தி, மற்ற புலன்களைப் போலச் சுற்றிவராமல், உணர்ச்சியும் நினைவும் பதியும் மூளைப் பகுதிகளுக்கு மிகக் குறுகிய வழியில் போய்ச் சேருகிறது. அதனால்தான் வாசனை கிளப்பும் நினைவுகளில் பதற்றம் கதையைவிட முந்திக்கொள்கிறது. எது நல்ல வாசனை என்பதையும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பழக்கங்களே தீர்மானிக்கின்றன. நமக்கு வலித் தைலமாக மணக்கும் மெத்தில் சாலிசிலேட், அமெரிக்கர்களுக்கு மிட்டாயாகவும் சூயிங்கமாகவும் மணக்கிறது. ‘நாற்றம்’ என்ற சொல்லே பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்ததுதான். அந்தச் சொல் வழியில் எங்கோ கெட்டுப்போனதற்குப் பூக்கள் பொறுப்பல்ல. அந்த வேனில் மூக்கைப் பொத்திய பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் அன்று மதியம் கருவாட்டுக் குழம்பு கொதித்ததோ!

அவரிடம் பேசுவது

‘என்னைக் கழுவத்தான் இதைத் தந்தாரா’ என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே சாட்சியங்கள் இருக்கின்றன. நிச்சயத்துக்கு முன் உங்கள் வீட்டுக்கு வந்தவர், நெத்திலிக் கருவாட்டு வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உங்கள் தந்தையோடு முற்றத்தில் நின்று, எத்தனை மீனுக்கு எவ்வளவு உப்பு என்று அரைமணி நேரம் விசாரித்தார். வாடையை வெறுப்பவர் செய்யும் காரியங்களா இவை? ‘கடற்கரைப் பெண்ணுக்குக் கடல் வாசனை’ என்பதை அவர் கொஞ்சலாகச் சொல்லியிருக்கவே அதிக வாய்ப்பு. அது வேறு எந்தக் கடற்கரையின் வாசனை என்பது விமான நிலையக் கடையில் நின்றபோது அவருக்குத் தெரிந்திருக்காது.

அவருடைய அக்கா சொன்னது வேறு. “இனிமேல் இந்த வாசனைதான் நம் வீட்டுக்குச் சரிப்படும்” என்ற பேச்சை நான் சென்ட்டைவிட முக்கியமாகக் கருதுகிறேன். அது விளையாட்டாகவும் இருக்கலாம், எல்லை போடுவதாகவும் இருக்கலாம். ஒரே பேச்சை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஆனால் அதை மறக்கவும் வேண்டாம். அந்தப் பேச்சு வந்தபோது மணமகன் அருகில் இருந்தாரா, இருந்தால் என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அதை நீங்கள் அறிந்துகொள்வது அவசியம்.

உங்கள் முன் இருக்கும் வழிகளைப் பார்க்கிறேன். சொல்லாமலே அணிந்துகொண்டிருப்பது உடம்புக்கு ஆபத்து. அதோடு, திருமணத்தின் முதல் ஆண்டிலேயே நடிப்புப் பழகிவிடும். புட்டியைத் தோழிக்குக் கொடுத்துவிட்டுத் தீர்ந்துபோனதாகச் சொல்வது இன்னும் மோசம்: அடுத்த பயணத்தில் அவர் பெரிய புட்டியாக வாங்கி வருவார். நேரடியாகச் சொல்வதுதான் சரி. ஆனால் எதை முதலில் சொல்வது என்பதில் சற்றுக் கவனம் வேண்டும். தடிப்பை முதலில் சொல்லுங்கள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பிறகு, “இதை வாங்கும்போது என்ன நினைத்தீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உங்களுக்கு அது கடினம் என்று நீங்களே எழுதியிருப்பதால் சொல்கிறேன்: அவர் முடிக்கும் வரை காத்திருங்கள். அவர் பதிலுக்குப் பிறகு, விரும்பினால், வேன் கதையைச் சொல்லலாம். அது உங்களுடையது, இந்தச் சந்திப்பிலேயே சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்து ஒதுக்கினாலோ, “எங்கள் வீட்டில் அப்படித்தான்” என்று முடித்துவிட்டாலோ, தேதி நெருங்குவதற்குள் இருவரும் ஓர் ஆலோசகரிடம் சேர்ந்து பேசுங்கள். நான்கு மாதம் அதற்குத் தாராளமாகப் போதும்.

நன்றி கெட்டவள் என்ற பயத்துக்கு ஒரே ஒரு பதில்: பரிசு என்பது கொடுப்பவரின் அன்பைப் பெற்றுக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது, அதைக் கழுத்தில் பூசியே தீர வேண்டும் என்ற ஒப்பந்தம் அதில் இல்லை. தோல் மருத்துவர் அனுமதித்த பிறகு வாசனை வேண்டும் என்று இருவருக்கும் தோன்றினால், சேர்ந்தே கடைக்குப் போங்கள். காகிதத் துண்டில் மூன்றுக்கு மேல் முகர வேண்டாம், மூக்கு குழம்பிவிடும். பிடித்த ஒன்றை மணிக்கட்டில் இட்டுக்கொண்டு வெளியே வந்து மாலை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தோல் மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டறிய அவர் ஒட்டுச் சோதனை செய்யச் சொன்னால், சந்தேகத்துக்குரிய பொருட்களைச் சிறு சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு நான்காம் நாள் வாக்கில் மறுபடியும் பார்ப்பார்கள். அந்த நாட்களில் முதுகில் தண்ணீரோ வியர்வையோ படக்கூடாது என்பதால், கல்யாணச் சேலைக்கு அலையும் வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். புட்டியோடு அதன் அட்டைப்பெட்டியையும் எடுத்துப் போங்கள், சேர்மங்களின் பட்டியல் பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கும். கூடவே, தினமும் கழுத்தில் தடவுவதாக எழுதியிருந்தீர்களே, அந்த ஜவ்வாது டப்பாவையும்.